ஒன்றாக முதிர்ந்த தோப்பு: ஜப்பான் வயல்களின் வயதுக் கணக்கு

தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான். தோப்பில் எத்தனை மரம் நிற்கிறது என்பது பாதிக் கணக்கு. எந்த வயதில் எத்தனை மரம் என்பது மீதிக் கணக்கு. நெட்டை ரகம் 6, 7 ஆண்டில் பாளை விடும். 15 வயதுக்கு மேல் நன்றாகக் காய்க்கும். 60 வயதைத் தாண்டினால் காய்ப்பு இறங்கத் தொடங்கும். ஒரே ஆண்டில் மொத்தமாக நட்ட தோப்பு நெடுங்காலம் நன்றாகக் காய்த்துவிட்டு, மொத்தமாக ஓயும். அப்போது உரத்தைக் கூட்டிப் போட்டும் பெரிய பலன் கிடைக்காது. 20 ஆண்டுகளுக்கு முன்பே கிழட்டு மரங்களுக்கு இடையே கன்று வைத்திருக்க வேண்டும்.

ஒரு நாட்டின் மக்கள்தொகைக்கும் இதே கணக்கு உண்டு. 'மக்கள் கூடினால் கஷ்டம், குறைந்தால் நல்லது' என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். ஆனால் எண்ணிக்கையைவிட வயது வரிசைதான் பொருளாதாரத்தை அதிகம் ஆட்டிவைக்கிறது. உலகில் இதை முதலில் முழுதாக அனுபவித்த நாடு ஜப்பான். அதுவும் நம்மைப் போலவே நெல் விளைவிக்கும், சிறு விவசாயிகளைக் கொண்ட நாடு. அங்கே மந்தம் புகுந்த பாதையை வயல் வரப்பில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

ஒரே பருவத்தில் நட்ட தலைமுறை

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பியதும் 1947 முதல் 1949 வரை ஜப்பானில் ஆண்டுக்கு 26 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. அதன்பின் பிறப்பு மளமளவெனச் சரிந்து, பத்தாண்டுக்குள் ஆண்டுக்கு 16 லட்சம் அளவுக்கு வந்துவிட்டது. 2024-ல் பிறந்த குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு.

அந்த மூன்றாண்டுக் கூட்டம் இளைஞர்களாக ஆலைகளுக்குள் நுழைந்தபோது ஜப்பான் வேகமாக வளர்ந்தது. 40 வயதை எட்டியபோது வீடு வாங்கியது, கார் வாங்கியது, வங்கியில் சேமித்தது. அந்தக் காலத்தில்தான் பங்குச் சந்தையும் நில விலையும் உச்சத்தைத் தொட்டன. 1989 டிசம்பர் கடைசியில் நிக்கேய் பங்குக் குறியீடு 38,915 புள்ளி. அந்த உயரத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். நடுவில் 34 ஆண்டுகள். 15 முதல் 64 வயது வரையிலான உழைக்கும் வயதினர் 1995-ல் 8.7 கோடி பேர் இருந்தார்கள். அதுதான் உச்சம். இப்போது 7.4 கோடி அளவில் இருக்கிறார்கள்.

இந்த மந்தத்துக்கு வயது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். 1990 வாக்கில் நிலத்திலும் பங்கிலும் ஊதிய விலைகள் வெடித்தன. வங்கிகள் வாராக் கடனில் மூழ்கின. வீழ்ச்சியைத் தொடங்கிவைத்தது அதுதான். உழைக்கும் வயதில் உள்ளவர்கள் தலைக்கு இவ்வளவு உற்பத்தி என்று வகுத்துப் பார்த்தால் ஜப்பான் மற்ற பணக்கார நாடுகளைவிட மோசமாகச் செய்யவில்லை என்றும் பொருளியல் அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். கேள்வி வேறு. விழுந்த மாடு ஏன் எழவில்லை? அதற்குத்தான் வயதுக் கணக்கு வேண்டும். பழைய நெருக்கடிகளில் இருந்து மீளும்போது புதிதாகக் குடும்பம் நடத்த, வீடு கட்ட, கடன் வாங்க இளையவர்கள் வரிசையில் நின்றார்கள். இந்த முறை அந்த வரிசை குட்டையாக இருந்தது. ஆலை முதலாளி 'நாளைக்கு வாங்க ஆள் இல்லையே' என்று புது ஆலை போடத் தயங்கினார். கூலி பல பத்தாண்டுகள் நகரவே இல்லை. பொருள்களின் விலை ஏறாமல் இறங்கியது. இதைப் பணவாட்டம் என்பார்கள். விலை இறங்குவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் விளைபொருளின் விலை இறங்கி, வாங்கிய கடன் மட்டும் இறங்காமல் நின்றால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வயலுக்கு முதலில் வந்தது

நகரம் 1990-க்குப் பிறகு உணர்ந்ததைக் கிராமம் 1960-களிலேயே உணர்ந்துவிட்டது. ஆலை வேலைக்கு ஆண்கள் போனதும் வயலில் மிஞ்சியவர்கள் மூன்று பேர்: தாத்தா, பாட்டி, அம்மா. ஜப்பானிய மொழியில் ஜீச்சான், பாச்சான், காச்சான். மூன்று சொல்லும் 'சான்' என்று முடிவதால் அந்த விவசாயத்துக்கே 'சான்-சான் நோக்யோ', அதாவது 'மூன்று சான் விவசாயம்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. (இதில் முதலில் வரும் 'சான்' என்ற சொல்லுக்குத்தான் அவர்கள் மொழியில் மூன்று என்று பொருள்.)

அங்கே கை கொடுத்தது இயந்திரம். 1970-களில் நடவு இயந்திரம் நாடெங்கும் பரவியது. இன்று நம் டெல்டாவில் பாய் நாற்றங்கால் போட்டு ஓட்டும் குபோட்டா, யான்மார் இயந்திரங்கள் அந்த ஊர்த் தேவைக்காகப் பிறந்தவைதான். சின்ன வயலுக்கு ஏற்ற சின்ன இயந்திரம், வயதானவரும் ஓட்டலாம். வாரநாளில் ஆலை, ஞாயிற்றுக்கிழமை வயல் என்று குடும்பங்கள் பிழைத்தன. விளைச்சலிலும் குறைவில்லை. உமி மட்டும் நீக்கிய பழுப்பரிசியாகக் கணக்கிட்டாலே ஹெக்டேருக்குச் சராசரியாக 5 டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள்.

ஒரு வேளாண் விஞ்ஞானியாக எனக்கு இதில் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. எங்கள் துறை செய்த நல்ல காரியமே பிரச்சினையை மறைத்துவிட்டது. 50 வயதில் நிலத்தை மகனிடமோ அடுத்தவரிடமோ ஒப்படைத்திருக்க வேண்டியவரை, 70 வயது வரை ஓட்டவைத்தது இயந்திரம். விளைச்சல் புள்ளிவிவரத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஓட்டுநர் இருக்கையில் இருந்தவரின் வயது மட்டும் ஏறிக்கொண்டே போனது. விவசாயத்தையே முதன்மைத் தொழிலாகச் செய்வோர் 2000-ல் 24 லட்சம் பேர், சராசரி வயது 62. இருபதே ஆண்டில், 2020-ல், 13.6 லட்சம் பேர், சராசரி வயது ஏறக்குறைய 68. பத்தில் ஏழு பேர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

இன்னொரு பக்கம், சாப்பிடுகிறவர்களின் வயதும் ஏறியது. 1962-ல் ஒரு ஜப்பானியர் ஆண்டுக்கு 118 கிலோ அரிசி சாப்பிட்டார். இன்று 50 கிலோ அளவுதான். ரொட்டியும் இறைச்சியும் வந்தது முதல் காரணம். மக்கள்தொகை சுருங்குவதும், வயதானவர்கள் குறைவாகச் சாப்பிடுவதும் பின்னால் சேர்ந்துகொண்டன. அண்மை ஆண்டுகளில் தேவை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டன் வீதம் குறைந்துவந்தது. விலை சரியாமல் இருக்க, நெல் பரப்பைக் குறைத்தால் மானியம் என்ற திட்டத்தை அரசு 1970 வாக்கில் கொண்டுவந்தது. அதிகாரப்பூர்வமாக 2018-ல்தான் அது முடிந்தது. விலை நின்றது, ஆனால் 'இந்தத் தொழிலைக் குறைத்துக்கொள்' என்று அரசே அரை நூற்றாண்டு சொல்லும்போது எந்த மகன் ஊர் திரும்புவான்?

நில விலை இறங்கும் என்று யார் நினைத்தார்கள்?

நம் ஊரில் நிலம்தான் கடைசிக் கையிருப்பு. மகள் கல்யாணமோ பெரிய வைத்தியமோ வந்தால் அரை ஏக்கரைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்ற தைரியத்தில் இருக்கிறோம். ஜப்பானிய விவசாயியும் அப்படித்தான் இருந்தார். அங்கே விளைநில விலை 1990-களின் நடுவில் இருந்து ஆண்டுதோறும் இறங்கிவருகிறது. வாங்க வேண்டிய வயதில் ஆள் குறைவு, விற்க வேண்டிய வயதில் ஆள் அதிகம். மலையடிவாரக் கிராமங்களில் சும்மா கொடுத்தாலும் எடுத்துக்கொள்ள ஆள் இல்லாத வயல்கள் இருக்கின்றன. வீடுகளும் அப்படியே. 2023 கணக்குப்படி நாடு முழுவதும் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன.

2015-ல் கைவிடப்பட்ட விளைநிலம் மட்டும் 4 லட்சம் ஹெக்டேருக்கு மேல். இதில் ஏன் பாதிப்பு கணக்குக்கு மீறிப் பெருகுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்துப் பேர் பாசனம் செய்யும் வாய்க்காலில் இரண்டு பேர் விவசாயத்தை விட்டால், உற்பத்தி ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று நினைப்போம். அப்படி நடப்பதில்லை. வாய்க்காலைத் தூர்வார, மடையைப் பார்க்க, வரப்புப் புல்லை அறுக்க அங்கேயும் நம் குடிமராமத்து போல ஊர் கூடி வேலை செய்யும் பழக்கம் உண்டு. பத்துப் பேர் செய்த வேலையை எட்டுப் பேர் செய்யலாம், ஆறு பேரும் செய்யலாம். நான்கு பேர் ஆகும்போது, அதுவும் நால்வரும் 75 வயதைத் தொட்டவர்கள் என்றால், வாய்க்கால் தூர்ந்துவிடும். அப்போது நல்ல திடத்தோடு இருக்கும் நான்காவது ஆளின் வயலும் காய்ந்துபோகும். அவர் தன் உடல்நிலையால் விவசாயத்தை விடவில்லை; பக்கத்து வயல்காரர்களின் வயதால் விட்டார்.

தரிசில் புதர் மண்டியதும் காட்டுப்பன்றியும் மானும் இறங்கிவந்தன. இந்த வேதனையை மலையோர விவசாயிகள் யாருக்கும் விளக்க வேண்டாம். ஜப்பானில் வனவிலங்குகளால் ஆண்டுக்கு 1,500 கோடி யென்னுக்கு மேல் பயிர்ச்சேதம். அவற்றைச் சுட உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களுக்கும் வயதாகிவிட்டது.

ஷிகோகு தீவில் நகோரோ என்று ஒரு மலைக் கிராமம். 30 பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். அங்கே ஒரு பெண்மணி விதைகளைப் பறவைகளிடம் இருந்து காக்க ஒரு சோளக்கொல்லை பொம்மை செய்தார். பிறகு, ஊரைவிட்டுப் போனவர்கள், இறந்துபோனவர்கள் நினைவாகவும் செய்யத் தொடங்கினார். இன்று அங்கே மனிதர்களைவிடப் பல மடங்கு பொம்மைகள். 2012-ல் மூடிய பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் மாணவர்களாகவும் ஆசிரியராகவும் உட்கார்ந்திருப்பவை பொம்மைகளே. சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுத்துப் போகிறார்கள்.

திடீரென்று அரிசி இல்லை

மெதுவாக நடப்பது ஒருநாள் வேகமாக வெளிப்படும். 2023 கோடை வெயிலில் நெல்மணியின் தரம் கெட்டது. 2024 ஆகஸ்ட்டில் பெரிய நிலநடுக்கம் வரலாம் என்ற எச்சரிக்கையால் மக்கள் அரிசியை வாங்கிக் குவித்தார்கள். கடை அலமாரிகள் காலியாயின. 5 கிலோ பை 2,000 யென் அளவில் இருந்தது, 2025 மே மாதம் 4,200 யென்னைத் தாண்டியது. அரசு அவசர இருப்பைத் திறந்துவிட்டது. 'எங்கள் வீட்டில் அரிசி விலைக்கு வாங்கியதே இல்லை, ஆதரவாளர்களே கொடுத்துவிடுகிறார்கள்' என்ற பொருளில் பேசிய வேளாண் அமைச்சர் பதவி விலக நேர்ந்தது.

ஒரு கோடை வெயிலுக்கு இவ்வளவு ஆட்டமா என்றால், தேவைக்குச் சரியாகப் பரப்பைக் குறைத்துக் குறைத்து, கூடுதலாக விளைவிக்கும் தெம்பே இல்லாமல் போனதுதான் உண்மைக் காரணம். விலை இரட்டிப்பானால் நம்மூரில் அடுத்த பட்டத்திலேயே நெல் பரப்பு கூடிவிடும். சராசரி வயது 70-ஐ நெருங்கும் விவசாயிகள் விலையைப் பார்த்துவிட்டுப் புதிதாக இரண்டு ஏக்கர் சேர்த்து ஓட்டுவார்களா?

நம் கணக்கு

2000-ல் ஜப்பானில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.36 குழந்தைகள். 2020-ல் தமிழ்நாட்டில் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 1.4. அதாவது பிறப்பு விகிதத்தில் நாம் ஜப்பானுக்கு 20 ஆண்டுகள்தான் பின்னால் நிற்கிறோம். 60 வயதைத் தாண்டியோர் 2021-ல் தமிழ்நாட்டில் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதமாக இருப்பார்கள் என்பது அரசின் மதிப்பீடு. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் உடனே நூறு நாள் வேலையைத் திட்டுகிறோம். அதில் உண்மை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1990-களில் பிறக்காத பெண் 2020-களில் நடவுக்கு வர முடியாது. டெல்டாவில் இன்று மேற்கு வங்கத்தில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து நடுகிறார்கள். பீகாரில் 2020-ல் பிறப்பு விகிதம் 3. அதுவும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஜப்பானுக்கும் நமக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அவர்கள் பணக்காரர்கள் ஆன பிறகு கிழவர்கள் ஆனார்கள். அங்கே 70 வயது விவசாயிக்கு ஓய்வூதியம் வருகிறது. நம்மிடம் சிறு விவசாயிகளுக்கு 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் தரும் மத்திய அரசின் மான்தன் திட்டம் 2019 முதல் இருக்கிறது. ஆனால் 40 வயதுக்குள் சேர வேண்டும். பயிற்சி வகுப்புகளில் என் முன்னால் உட்காருபவர்களில் பெரும்பாலோர் அந்த வாசலைக் கடந்துவிட்டவர்கள். அவர்களின் மகன்களுக்குச் சொல்லுங்கள் என்கிறேன். மகன் திருப்பூரில் இருக்கிறான் என்கிறார்கள்.

ஜப்பான் தாமதமாகச் செய்த சில காரியங்களில் நமக்கு உதவக்கூடியவை உண்டு. 2012 முதல், புதிதாக விவசாயத்துக்கு வரும் இளைஞர்களுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் யென் வரை ஐந்தாண்டுகள் கொடுத்தார்கள். இளைஞர்கள் வந்தார்கள். நிலம்தான் கிடைக்கவில்லை, கிடைத்ததும் ஆறு இடத்தில் துண்டு துண்டாகக் கிடைத்தது. காசைக் கொடுத்துவிடலாம், நிலத்தைக் கை மாற்றுவதுதான் கடினம் என்று அப்போது புரிந்தது. 1952 விளைநிலச் சட்டம் குத்தகைதாரருக்குப் பலமான பாதுகாப்பு கொடுத்திருந்ததால், 'விட்டால் திரும்ப வராது' என்று உரிமையாளர்கள் தரிசாகவே போட்டுவந்தார்கள். சட்டத்தைப் பின்னாளில் தளர்த்தியும் அந்தப் பயம் போகவில்லை. 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த நமக்கும் இந்தப் பயம் தெரியும். குத்தகைதாரருக்கு அந்தப் பாதுகாப்பு தேவைப்பட்டது என்பதும் உண்மை. 2014-ல் ஜப்பான் மாகாணந்தோறும் ஒரு பொது அமைப்பை வைத்தது. உரிமையாளர் அந்த அமைப்புக்குக் காலக்கெடுவோடு எழுத்துபூர்வமாகக் குத்தகைக்கு விடுவார். அது அடுத்தடுத்த வயல்களைச் சேர்த்து இளைய விவசாயிக்குக் கொடுக்கும். இருவருக்கும் நடுவில் அரசு நிற்பதால் பயம் குறைகிறது. இங்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. வாய்மொழிக் குத்தகையில் ஓட்டுபவருக்குப் பயிர்க்கடனும் காப்பீடும் சிக்கல், விட்டவருக்குத் தூக்கம் இல்லை.

அது வரும்வரை உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் ஒரு காரியம் செய்யலாம். ஜப்பானில் ஊர்க்கூட்டு விவசாயக் குழுக்கள் ஏறத்தாழ 14,000 இருக்கின்றன. அவரவர் நிலம் அவரவர் பெயரில்; இயந்திரமும் வேலையும் பொது. ஆறு பேர் ஆறு டிராக்டர் வாங்குவதற்குப் பதில் ஒன்று. ஆனால் அந்தக் குழுக்களிலும் தலைவர்கள் முதியவர்களாகி, அடுத்த ஆள் இல்லாமல் சில கலைந்தன. ஆகவே நம் குழுக்களில் இயக்குநர் தேர்வு வரும்போது 35 வயதுக்குக் கீழே இரண்டு பேராவது இருக்கட்டும். கணினிக் கணக்குக்கு மட்டும் பையனை வைத்துக்கொண்டு முடிவெல்லாம் பெரியவர்களே எடுப்பது பல ஊரில் நடக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பத்திரம். ஜப்பானில் 2016 மதிப்பீட்டின்படி, உரிமையாளர் யார் என்று கண்டுபிடிக்க முடியாத நிலம் 41 லட்சம் ஹெக்டேர். கியூஷூ என்ற பெரிய தீவையும்விடப் பரப்பு அதிகம். தாத்தா பெயரிலேயே விட்டுவிட்டதால், மூன்று தலைமுறையில் வாரிசுகள் பல ஊர்களுக்குச் சிதறிவிட்டார்கள். பக்கத்தில் விவசாயம் செய்ய ஆள் தயாராக இருந்தாலும் கையெழுத்துப் போட ஆள் இல்லை. 2024 ஏப்ரல் முதல், வாரிசுரிமை கிடைத்தது தெரிந்த மூன்று ஆண்டுக்குள் பெயர் மாற்றிப் பதியாவிட்டால் ஒரு லட்சம் யென் வரை அபராதம் என்று சட்டம் வந்துவிட்டது.

2018 நவம்பர் கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்தன. அதன்பின் நட்ட நெட்டைக் கன்றுகள் பல இடங்களில் இப்போது பாளை விடும் வயதுக்கு வந்திருக்கின்றன. அந்த மரங்களின் முழுக் காய்ப்பைப் பார்க்கப்போவது நட்டவரின் பேரன், பேத்தி. பட்டா இன்னும் கொள்ளுத்தாத்தா பெயரில், அல்லது ஐந்து பங்காளிகளின் கூட்டுப் பட்டாவாக இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே பேசி முடித்துப் பாகப்பிரிவினையைப் பதிந்துவிடுங்கள். இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திரம், அண்மை வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். உட்பிரிவு தேவைப்பட்டால் நில அளவையர் வந்து அளப்பார். அன்று எல்லாப் பங்காளிகளும் வயலில் இருப்பது நல்லது. வெளியூரில் இருப்பவர்களைப் பொங்கலுக்கு வரும்போதே கேட்டுத் தேதி வைத்துக்கொள்ளுங்கள்.